காரைக்குடி ரூட்டை 14 மாதம் ஓட்டிய பிறகு

சென்ற ஆண்டு ஆடி மாதம், எங்கள் செட்டில் இருக்கும் தம்பி ஒருவர், கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டருக்காகத் திருச்சி–காரைக்குடி ரூட்டைச் செய்து பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். "ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களா நாங்கள்?

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூட் ஓடுவது ஓபன் ரெயில்ஸ் என்ற சிமுலேட்டரில். இலவசம். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காகச் செய்த பாதை, எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும் இது ஏற்றுக்கொள்ளும். என்னுடைய 8 ஜிபி பழைய லேப்டாப்பே தாங்குகிறது, மின்விசிறிதான் கொஞ்சம் அலறும்.

முதல் ஞாயிறு கல்லுக்கட்டி டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்ததுமே கோட்டையூர் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். திருமயம் தாண்டியதிலிருந்து பாதையின் இரண்டு பக்கமும் செட்டியார் வீடுகள். ஒரே வீடு, ஒரே முகப்பு, ஒரே சுதைப் பொம்மை, திரும்பத் திரும்ப.

"ரயிலுக்கு முகப்பக் காட்டி எந்த ஊர்லப்பு வீடு கட்டியிருக்கான்? இந்தத் தெருவுல வாசல், அடுத்த தெருவுல பின்கட்டு. நடுவுல தண்டவாளம் எங்கேருந்து வந்துச்சு?"

"செட்டிநாடுன்னு சொல்லிட்டு வீடே வைக்கலைன்னா யாருண்ணே இறக்கி ஓட்டுவா?"

அண்ணன் பக்கம்தான் நியாயம். இந்த வழியில் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலில் அரண்மனை வராது. செம்மண் பொட்டல், தைலமரத் தோப்பு, பனை, ஒரு கண்மாய், அப்புறம் இன்னும் கொஞ்சம் பொட்டல். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் போக வேண்டும். தம்பி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வந்த இரண்டாம் பதிப்பில் வீடுகள் போய்த் தைலமரம் வந்திருந்தது. ஒன்றுமே இல்லாத அந்தப் பொட்டலில் வண்டி போனபோதுதான் இது நம்ம லைன் என்று எனக்குப் பட்டது.

தரை வேறு கதை. இந்த சிமுலேட்டரில் நிலம் 2048 மீட்டர் சதுரத் துண்டுகளாக வரும். ஆத்தங்குடித் தரைக்கல் மாதிரி அதற்குப் பெயரும் டைல்தான். நமணசமுத்திரம் பக்கம் இரண்டு டைல் சேருமிடத்தில் விரற்கடை இடைவெளி, உள்ளே வானம் தெரிந்தது. "ஆத்தங்குடியிலேருந்து ஒரு கொத்தனாரக் கூப்பிட்டுப் பாவியிருந்தா இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குமா?" என்றார் தேவகோட்டை மாப்பிள்ளை. அதை ஒரே ராத்திரியில் அடைத்துவிட்டார்கள். அடைக்க முடியாதது மேடு பள்ளம். உயர அளவுகள் எல்லாம் 2000-இல் எண்டெவர் விண்கலம் ரேடாரால் எடுத்தவை, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரேடார் அலை பல இடங்களில் மண்ணைத் தொடுவதில்லை, மரத்தின் தலையிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அதனால் தைலமரத் தோப்பு இருந்த இடமெல்லாம் கணினியில் குன்றாகிவிட்டது. அதன்மேல் தண்டவாளம் போட்டதில் எங்கள் வண்டி ஏறி இறங்கி, ஏறி இறங்கி... "பல்லவன் எக்ஸ்பிரஸ் ஓட்டுறேனா, பழனி ரோப் காருல போறேனா?" என்று மாப்பிள்ளை கேட்டதில் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதையோரச் சரிவுப் பலகைகளை நோட்டில் குறித்துக்கொண்டே புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் போய்வந்தார். இப்போது ஏற்ற இறக்கம் கிட்டத்தட்டச் சரி. கீரனூர் பக்கம் ஒரு திமில் மிச்சமிருக்கிறது. சொன்னால் கோபப்படுவார்.

பிரேக் கதையைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அவமானப்பட்டது நான். செட்டிநாடு பிளாட்பாரத்தில் வண்டி ஒழுங்காக நின்றதே இல்லை. ஒன்று, நூறு மீட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிடும். பயந்து தாமதமாகப் போட்டால் கோட்டையூரை நோக்கி ஓடும். இரண்டு வாரம் என் கைதான் சரியில்லை என்று எல்லோரும் கலாய்த்தார்கள். எங்கள் செட்டில் ஓய்வு பெற்ற டிரைவர் ஐயா ஒருவர் உண்டு. மீட்டர் கேஜ் காலத்தில் வேக்குவம் பிரேக், 53 சென்டிமீட்டர் வெற்றிடம் என்று பழகி, பிறகு அகலப்பாதைக்கு மாறியவர். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"பிரேக் பைப் 5 கிலோவுல நிக்கணும். உனக்கு முள்ளு ஆறு தாண்டி நிக்குதே. இது காரைக்குடி வண்டியா, அமெரிக்கா கூட்ஸா?"

உண்மையிலேயே அமெரிக்கா கூட்ஸ்தான். எஞ்சின் கோப்பை வேறொரு எஞ்சினிலிருந்து நகலெடுத்தபோது பிரேக் பைப்பின் காற்றழுத்தம் 90 பிஎஸ்ஐ என்றே தங்கிவிட்டது. நம் கணக்கில் அது சதுர சென்டிமீட்டருக்கு 6.3 கிலோ. நமக்கு வேண்டியது 71. நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றினேன். மறக்காமல் யூனிகோட் ஆகச் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியே வராமல் போகலாம். அதற்குப் பிறகு ஐயா சொல்லிக்கொடுத்தபடி முதலில் பைப் அழுத்தத்தில் அரை கிலோ மட்டும் குறைத்து (குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும்), கடைசிப் பெட்டி வரை பிடிக்கக் காத்திருந்து, வேகம் விழுவதைப் பார்த்து மேற்கொண்டு குறைக்கிறேன். ஐப்பசி முழுக்க இதே வேலை. இன்றைக்குப் பத்துக்கு எட்டு தடவை பலகைக்கு நேராக நிற்கிறது. அந்த இரண்டைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதும் அனுபவத்தில் சேர்த்திதானே. டிரைவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவி ஒன்று எஞ்சினில் உண்டு. ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் இருந்தால் கூவும், பொத்தானை அழுத்த வேண்டும். தம்பி அதையும் வைத்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அது கூவும்போதெல்லாம் அம்மா உள்ளேயிருந்து திட்டுவார். அப்பத்தா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து புதுக்கோட்டை வரை பார்த்தது. "வண்டி நல்லாத்தான் போகுது. டேசன்ல ஒரு சனத்தையும் காணோமே, யாரய்யா ஏத்திக்கிட்டுப் போற?" இதைத் தம்பியிடம் சொன்னது தப்பாகிவிட்டது. அடுத்த பதிப்பில், சிமுலேட்டரோடு வந்த பழைய பயணிகளை எடுத்து நட்டுவிட்டார். சித்திரை வெயிலில் புதுக்கோட்டை மேடையில் வெள்ளைக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கோட்டையூர் அண்ணன் அவர்களுக்குப் 'பர்மா பாக்கி வசூலிக்க வந்தவங்க' என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஒற்றைப் பாதை என்பதால் கிராசிங்கில் முதல் ஆறு மாதம் தொல்லை. நான் புதுக்கோட்டையில் சிவப்பில் நிற்பேன், எதிர் வண்டி காரைக்குடியில் நிற்கும். யார் முதலில் வருவது என்று சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி இரண்டும் முறைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் லூப் லைனில் ஒதுங்கும் வழியை எதிர் வண்டிக்கு எழுத விட்டுப்போயிருந்தது. இப்போது சரி.

சத்தத்தில் மட்டும் இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஆல்கோ டீசல் எஞ்சின் தவில் மாதிரி, தாளம் கேட்க வேண்டும். இதில் எட்டாவது நாட்சில், அதாவது முழு விசையில், சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒலி ஒட்டுப்போட்ட இடம் 'டொக்' என்று விழுகிறது. ஹெட்போன் போட்டால் தாங்க முடியவில்லை. மின்கம்பி போட்ட பதிப்பும் வந்திருக்கிறது, இப்போது நிஜப் பாதையிலும் கம்பி இருக்கிறதே. அதில் வாப்-7 மின்சார எஞ்சின் மிக அழகாக இழுக்கிறது. ஆனால் நான் டீசல் பதிப்பைத்தான் வைத்திருக்கிறேன். டிரைவர் ஐயாவோ இரண்டும் வேண்டாம், மீட்டர் கேஜில் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் போட்டுக் கொடு என்று தம்பியை நச்சரிக்கிறார். 1930-இல் மானாமதுரை வரை திறந்த பாதை மீட்டர் கேஜ்தானே, அதை விட்டுவிட்டு என்ன வரலாறு என்பது அவர் கட்சி.

நல்ல காட்சி வேண்டும், மலை, பாலம், சுரங்கம் வேண்டும் என்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். சுமார் 90 கிலோமீட்டரில் பெரும்பகுதி பொட்டல்தான். ஊர்க்காரர்களும், பிரேக் பழக ஆசைப்படுபவர்களும் எடுக்கலாம்.

இந்த மாதம் புதிதாகத் திருவாரூர் கிளை சேர்ந்திருக்கிறது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். 2019-இல் அகலப்பாதையாகி முழுதும் திறந்த சமயம் ரயில்வே கேட்டுக்கு ஆள் போதாமல், கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனது நினைவிருக்கும். கேட்டுக்கு முன்னால் நிற்கும், ஒருவர் இறங்கிப் பூட்டுவார், வண்டி தாண்டி நிற்கும், மற்றவர் திறந்துவிட்டு ஏறுவார். போய்ச்சேர ஆறு மணி நேரம் ஆனது. அதை அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கோட்டையூர் அண்ணனுக்கு ஆசை. ஓபன் ரெயில்ஸில் பல பேர் சேர்ந்து ஓட்டலாம், ஒருவர் டிஸ்பாட்சராக இருந்து சிக்னலைப் பிடித்து வைக்கலாம். அண்ணன்தான் டிஸ்பாட்சர், நான் டிரைவர்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் காரைக்குடியில் கிளம்பினேன். பதினொன்றே காலுக்குக் கண்டனூர் புதுவயல் தாண்டி ஒரு கேட்டில் சிவப்பு. கருவி கூவிக்கூவி அம்மா எழுந்து வந்துவிட்டார். பச்சை போடுங்கண்ணே என்று தட்டச்சு செய்தேன். பதில் வந்தது: "கேட்காரர் டீ குடிக்கப் போயிருக்காரு. பொறு."