ஆடி ஆஃபரில் பாலயாஜ்: 4,999 என்றார்கள், 11,999 ஆனது

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். வேளச்சேரிப் பக்கம் ஒரு சலூன், ஆடி ஆஃபரில் பாலயாஜ் என்கிற முடிக் கலரிங் 4,999 ரூபாய் என்று விளம்பரம் போட்டிருந்தது. "புடவைக்கு ஆடித் தள்ளுபடி பாக்கலாம், தலைக்குமா பாப்பாங்க?" என்று அம்மா கேட்டார். அம்மா பேச்சைக் கேட்டிருக்கலாம்.

பாலயாஜ்தான் வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. முழுத் தலைக்கும் கலர் போட்டால் ஒரு மாதத்திலேயே வகிட்டில் கறுப்பு எட்டிப் பார்க்கும், அப்புறம் மாதாமாதம் டச்சப். முடியைப் பட்டை பட்டையாகப் பிரித்து அலுமினியத் தாளில் சுற்றி வெளுக்கும் ஃபாயில் ஹைலைட்ஸ் வேரை ஒட்டியே தொடங்குவதால் முடி வளர வளர அதுவும் காட்டிக்கொடுத்துவிடும். பாலயாஜ் என்றால் பிரெஞ்சில் பெருக்குவது. பிரஷ்ஷை வைத்து, பெருக்குகிற மாதிரியே முடியின் மேல்பக்கத்தில் ப்ளீச்சைத் தடவுவார்கள். வேர்ப்பக்கம் நம் கறுப்பு அப்படியே இருக்கும், நுனிக்குப் போகப் போக வெளிறும். நாலைந்து மாதம் சலூன் பக்கம் போகாவிட்டாலும் அசிங்கமாகத் தெரியாது. நம் ஊர்க் கறுப்பு முடிக்கு இதுதான் தோது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஸ்டைலிஸ்ட் பையன் மொபைலில் படம் காட்டினான். "கேரமல் ஷேடா மேம்? சூப்பரா வரும்." இதற்கு முன் தலையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன், நரைக்காக மூன்று வருஷமாகப் பாக்கெட் ஹென்னா போடுகிறேன் என்று. "ஹென்னாதானே மேம், ஒண்ணும் ஆகாது."

இங்கே என் தப்பும் இருக்கிறது. மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும், அதோடு அவுரி சேர்ந்தால்தான் கறுக்கும். அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கிவிடும் பொடி வெறும் மருதாணியாக இருக்க முடியாது. நான் போட்டதும் அந்த மாதிரி கறுப்பு ஹென்னாதான். எல்லாம் முடிந்த பிறகு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தால், பொடி எழுத்தில் பாரா ஃபீனைலின் டைஅமீன் என்று இருக்கிறது. சாதாரண டைதான், மேலே மருதாணி இலைப் படம். மூன்று வருஷ டையை அடுக்கடுக்காகக் குடித்த நுனியும், ஒன்றிரண்டு தடவை மட்டும் டை பட்ட வேர்ப்பக்கமும் ஒரே ப்ளீச்சுக்கு ஒரே மாதிரி வெளுக்காது. எனக்கு இது தெரியாது. காசு வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிடரியில் ஒரு சின்னக் கொத்தை எடுத்து ப்ளீச் போட்டுப் பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். அது நடக்கவில்லை. காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கும் அலர்ஜி சோதனையைப் பற்றிப் பேச்சே இல்லை.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் தலை முழுக்க ஃபாயில். "இது ஹைலைட்ஸ் இல்லையா தம்பி?" என்றேன். "பாலயாஜ்தான் மேம், சீக்கிரம் லிஃப்ட் ஆகும்னு, அதாவது வெளுக்கும்னு, ஃபாயில்ல பண்றோம்." ஃபாயிலில் செய்யும் பாலயாஜும் உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் வேரை ஒட்டி, ஒரே அகலத்தில் பட்டை பட்டையாக எடுத்தால் அது ஹைலைட்ஸ்தான், என்ன பெயர் வைத்தாலும். கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த, ப்ளீச்சோடு கலக்கும் டெவலப்பர் பாட்டிலில் 40 வால்யூம் என்று போட்டிருந்தது. அதாவது 12 சதவீதப் பெராக்சைடு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம்தான். எனக்கு 40, போதாததற்கு மேலே ஹீட்டர் வேறு.

கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். வேர்ப்பக்கம் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நுனியில் டைக் கறுப்பு அசையவே இல்லை. கேட்டதற்கு நேர் தலைகீழ். "அதுதான் மேம் டைமென்ஷன்" என்றான். ஈர முடியை லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தது.

பில்லுக்கு வருவோம். விளம்பரத்தில் போட்ட 4,999 தோள் வரை இருக்கும் முடிக்காம். என் முடி இடுப்பு வரை, அதனால் 3,500 கூடுதல். ப்ளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யப் போடும் டோனர் 1,500. முடி உடையாமல் இருக்க என்று கேட்காமலே போட்ட பாண்ட் ட்ரீட்மென்ட் 2,000. மொத்தம் 11,999. டோனருக்குத் தனிக் காசு என்பது தோசைக்கு ஒரு விலை, மாவுக்கு ஒரு விலை என்கிற கதை. அந்த டோனரும் ஆரஞ்சை அடக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டால், "உங்க ஹேர் டைப் அப்படி மேம். கரெக்ஷன் பண்ணிடலாம், 6,000 ஆகும்" என்கிறார். கல்யாணத்துக்கு 11 நாள்தான் இருந்தது. சண்டை போடத் தெம்பில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் தெருவில் சின்னதாக பார்லர் வைத்திருக்கும் அக்காதான் காப்பாற்றினார். முடியைத் தொட்டுப் பார்த்ததுமே, "இனிமே ப்ளீச் ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுடா கண்ணு" என்றார். எட்டு அங்குலம் வெட்டி, மேலே அடர் பழுப்பு போட்டுவிட்டார். 1,800 ரூபாய். ஆனாலும் ப்ளீச் பட்ட முடியில் கலர் நிற்பதில்லை. பத்துத் தடவை தலைக்குக் குளித்தால் பழுப்பு இறங்கி ஆரஞ்சு திரும்ப வந்துவிடுகிறது. கல்யாணத்துக்குச் சவுரி வைத்துத்தான் சடை பின்னினார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், பில்லில் ஹேர் சர்வீஸ் என்று ஒரே வரிதான் இருக்கிறது, பாலயாஜ் என்ற சொல்லே இல்லை. உட்காருவதற்கு முன்பே அவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன முறை, என் நீளத்துக்கு எவ்வளவு, டோனர் சேர்த்தா சேர்க்காமலா என்று. வீட்டில் டையோ ஹென்னாவோ போடுகிறவர்கள் அந்தப் பாக்கெட்டையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஒரு கொத்தில் போட்டுப் பார்க்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.