பொன்னியின் செல்வன், படம் போட்ட அட்டை, ஐந்து பாகம் 699 ரூபாய்: பைண்டிங் கடையிலிருந்து ஒரு விமர்சனம்

கடலூர் திருப்பாப்புலியூரில் முப்பத்திரண்டு வருஷமாக பைண்டிங் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா வைத்த கடை. புத்தகம் கையில் வந்தால் நான் அட்டையைப் பார்ப்பதில்லை. முதுகைப் பார்ப்பேன். அப்புறம் நடுவில் விரித்து, உள்பக்க ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இந்த ஒரு தடவைதான் அட்டையை மட்டும் பார்த்து வாங்கினேன்.

2022 செப்டம்பர் 30-ஆம் தேதி பொன்னியின் செல்வன் முதல் படம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு போனேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு தமிழில் ஒரு கதைப்புத்தகம் தொட்டிருக்கவில்லை. படம் விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, கடைசியில கடல்ல நீந்தி வந்தது யாரு? நந்தினி முகமே இருக்கே?" எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. "ரெண்டாவது படத்துல வரும்" என்றேன். "அது அடுத்த வருஷம்மா. எனக்கு இப்பவே தெரியணும், புக் வாங்கிக் கொடு" என்றாள்.

படம் எடுத்தவர்கள் கதையை இரண்டாக வெட்டியதில் புத்தகத்துக்கு நேர்ந்த பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது படம் 2023 ஏப்ரல் 28-இல்தான் வந்தது. நடுவில் ஏழு மாதம். கல்கி இந்தக் கதையை 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் எழுதியபோது, ஜனங்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். இப்போது ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னால் யாரால் முடியும்? அந்தக் காத்திருப்பில்தான் கடலூர்க் கடைகளில் பொன்னியின் செல்வன் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. எந்த விளம்பரமும் செய்யாத வேலையை அந்தக் கடைசிக் காட்சி செய்துவிட்டது.

நான் வாங்கிய செட்டைப் பற்றிச் சொல்கிறேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். இதே மாதிரி நாலைந்து பேர் போட்டிருக்கிறார்கள், குறையும் ஏறக்குறைய ஒன்றேதான். கல்கியின் எழுத்துகள் 90-களின் இறுதியிலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளை கையிலும் கல்கி போய்ச் சேர வேண்டும் என்றுதான் நாட்டுடைமை. 699 ரூபாய்க்கு ஐந்து பாகம் கிடைத்தது அதனால்தான், அதை நான் மனதார வரவேற்கிறேன்.

அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. படத்தின் ஸ்டில் இல்லை. நடிகர்களின் ஜாடையில் வரைந்த ஓவியம். மேட் லேமினேஷன், விரல் ரேகை படியவில்லை. மேலே தங்க நிறப் பட்டையில் 'திரைப்படமாக வெளிவந்துள்ள சரித்திர நாவல்' என்று கொட்டை எழுத்து. கல்கியின் பெயர் எங்கே என்று தேடினால், கீழே குதிரைக் குளம்புக்குப் பக்கத்தில், பதிப்பகத்தின் பெயரைவிடச் சின்னதாக. பின்னட்டையில் படத்தைப் பற்றி எட்டு வரி. எழுதியவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. படம் எடுத்தவர்கள்கூட அவர் பெயரைச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

முகத்தைக் காட்டிக் கதையை விற்பது புதுசில்லை, தப்புமில்லை. தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் வந்தியத்தேவன் இப்படி இருப்பான், குந்தவை இப்படிக் கொண்டை போடுவாள் என்று ஒரு தலைமுறை முழுக்க மனதில் வைத்துக்கொண்டது. இன்றைக்கு அந்த இடத்தில் நடிகர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். என் மகளை இழுத்துக்கொண்டு வந்ததும் அந்த முகங்கள்தான்.

சரி, உள்ளே. ஐந்து பாகமும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம் வரும் கதை. இதைத் தைக்காமல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். பாரங்களை, அதாவது பதினாறு பக்கமாக மடித்த தாள்களை, அடுக்கி, முதுகை அரைத்து, சூடான பசை தடவி அட்டையை ஒட்டுவது பெர்ஃபெக்ட் பைண்டிங். நூற்றைம்பது பக்கத்துக்கு அது தாங்கும். நானூறு பக்கத்தைத் தாங்க நல்ல பசையும் நல்ல காகிதமும் வேண்டும். இதில் காகிதத்தின் நார் குறுக்கே ஓடுகிறது. அதாவது மேலிருந்து கீழாக ஓட வேண்டிய நார், இடமிருந்து வலமாக ஓடுகிறது. அப்படி இருந்தால் புத்தகம் விரித்தபடி நிற்காது. கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். படிக்கிறவர் அழுத்திப் பிடிப்பார். அழுத்த அழுத்தப் பசை வெடிக்கும். என் மகள் முதல் பாகத்தை முடித்த அன்றைக்கே 'புது வெள்ளம்' இரண்டு துண்டாகக் கையில் வந்தது.

அதுகூடப் பரவாயில்லை, பைண்டர் வீட்டுப் பிள்ளை, தைத்துக் கொடுத்துவிட்டேன். நாலாம் பாகத்தில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மகள் எழுந்து வந்து, "அம்மா, படிச்ச பக்கமே திரும்ப வருது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். 192-ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 177. அதே பாரம் இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது. அது முடிந்து நேராக 209. நடுவில் 193 முதல் 208 வரை பதினாறு பக்கம் இல்லை. பாரம் அடுக்கும்போது இந்தத் தவறு நடக்கும். என் கடையிலும் நடந்திருக்கிறது. அதனால்தான் தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். படம் ஓடும்போதே சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த ஒருவரை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர், பழக்கமானவர்தான். "நாலாம் பாகம் மட்டும் தனியா வராதுக்கா, செட்டாத்தான் அனுப்புறாங்க" என்றார். புத்தகத்தில் போட்டிருந்த எண்ணுக்கு மூன்று நாள் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை.

வீட்டில் இன்னொரு பொன்னியின் செல்வன் இருக்கிறது. கல்கி இதழ் இந்தக் கதையைப் பிற்பாடும் பல முறை தொடராக வெளியிட்டது. அப்படி ஒரு முறை வந்தபோது அம்மா வாராவாரம் பக்கங்களைப் பிரித்து, மெத்தைக்கு அடியில் வைத்துச் சேர்த்தார். எல்லாம் வந்து முடிந்ததும் அப்பா பைண்டு செய்தார். சிவப்பு காலிகோ துணி. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சியது, அதனால் இன்று வரை ஒரு பூச்சி அரிக்கவில்லை. முதுகில் அப்பாவின் கையெழுத்தில் 'நாலாம் பாகம் – மணிமகுடம்'. அதை எடுத்து மேஜையில் விரித்தேன், அது பாட்டுக்கு விரிந்து கிடந்தது. புதுப் புத்தகத்தின் 192-ஆம் பக்கத்துக் கடைசி வரியை வைத்துக்கொண்டு பழையதில் தேடினோம். நான் வாசிக்க வாசிக்க மகள் விரலை ஓட்டினாள். இடம் கிடைத்ததும், 209-இன் முதல் வரி வரைக்கும் அளந்து, சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் நாலு மில்லிமீட்டர் மட்டும் பசை தடவி, ஒவ்வொரு தாளாகப் புதுப் புத்தகத்துக்குள் செருகி ஒட்டினேன். ஜெராக்ஸில் ஓர் இடத்தில் அம்மா பென்சிலால் போட்ட கோடும் சேர்ந்து வந்துவிட்டது. மகள் அதை அழிக்க வேண்டாம் என்றாள்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. கதை முடிந்த பிறகு கல்கி ஒரு முடிவுரை எழுதியிருக்கிறார். ஏன் இங்கே நிறுத்தினேன், மிச்சப் பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று வாசகர்களோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இந்த செட்டில் அது இல்லை. நாலைந்து தாளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் 'அப்புறம் என்ன ஆச்சு' என்ற கேள்வி அதிகம். அவர்களுக்குப் போய் அதைக் கொடுக்காமல் விடலாமா?

மகள் முதல் அத்தியாயம் படித்த அன்று அடுப்படிக்கு ஓடி வந்தாள். "அம்மா, இது நம்ம வீராணமா?" ஆமாம். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், அதுதான் ஆரம்பம். காட்டுமன்னார்கோயிலில் என் தங்கை வீடு, மகள் அந்த ஏரிக்கரையில் பஸ்ஸில் போனது கணக்கில்லை. படம் போர்க்களத்தில் தொடங்குவதால் அவளுக்கு இது தெரியவில்லை. கதையில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்கிற உடையார்குடி கல்வெட்டும் அதே காட்டுமன்னார்கோயிலில்தான் இருக்கிறது. கடலூரில் எத்தனை கடை வாசலில் நடிகர்களின் பேனர் பார்த்தேன்! 'கதை நம் மாவட்டத்தில் தொடங்குகிறது' என்று ஒரு சின்ன அட்டை எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கே அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன இருக்கிறது?

படத்தின் வழியே கதையிடம் ஆள் வருவது இந்த ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது இதே திருப்பாப்புலியூரில். அவருடைய 'சிற்றன்னை'யிலிருந்துதான் மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார், 1979-இல். ஜெயகாந்தன் 1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977-இல் படமாக வந்து லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ஜெயகாந்தன் கதை என்பதற்காகவே தியேட்டருக்குப் போனவர்களைப் பற்றி அப்பா சொல்வார். பண்ருட்டிப் பக்கத்துத் தங்கர் பச்சான் தன் நாவல் 'ஒன்பது ரூபாய் நோட்டு'வைத் தானே 2007-இல் படமாக்கினார். 2019-இல் 'அசுரன்' வந்தபோது என் கடைக்கு ஒரு பையன் வந்து, "அக்கா, அசுரன் புக் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். பூமணியின் 'வெக்கை' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படம் பார்த்துவிட்டு எழுந்து வருகிற அந்த ஆவலை நான் பெரிதாக மதிக்கிறேன். அதைத் தேடிப் போய்ப் பிடிக்க யாராலும் முடியாது, தானாக வர வேண்டும். அப்படி வந்தவன் கையில் பக்கம் உதிர்கிற புத்தகத்தைக் கொடுத்தால் இன்னொரு தடவை வரமாட்டான்.

2023 மே மாதம் வரைக்கும் இந்த மாதிரி படம் போட்ட அட்டை செட் பதினொன்று என் கடைக்குத் தைக்க வந்தன. உள் ஓரம் அரை அங்குலம்கூட இல்லை. ஓரத்தில் துளைத்துத் தைக்கிற ஓரத்தையல் போட்டால் எழுத்தை விழுங்கிவிடும். தாளுக்குத் தாள் நூல் கோத்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. பாகத்துக்கு 120 ரூபாய், ஐந்துக்கு 600. 699-உம் 600-உம் சேர்த்தால் 1,299. அதே கடையில் நூல் தையல் போட்ட, முடிவுரை உள்ள, மேப்லித்தோ என்ற நல்ல வெள்ளைத் தாளில் அச்சான செட் 1,350 ரூபாய்க்கு அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்தது. அட்டையில் யார் முகமும் இல்லை என்பதால் நானே அதைத் தாண்டிப் போனேன்.

காசு இருந்தால் அந்த மாதிரி செட்டைக் கேட்டு வாங்குங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், புத்தகத்தை நிறுத்திவைத்து முதுகின் தலைப்பக்கம் பாருங்கள். சின்னச் சின்ன வளைவுகளாக மடிப்பு தெரிந்தால், நடுவில் விரித்தால் நூலும் தெரிந்தால், தைத்தது. வழவழவென்று ஒரே பசைக்கோடாக இருந்தால் ஒட்டியது. 699 ரூபாய் செட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் விலைக்கும், என் மகளைக் கூப்பிட்ட அட்டைக்கும்.

ஏற்கெனவே இதை வாங்கியிருந்தால், இன்றைக்கே நாலாம் பாகத்தை எடுத்து 192-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடுத்த பக்கம் 177 என்று இருந்தால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். மாற்றித் தரவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஜெராக்ஸ் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.