காலைத் தூக்கிப் பார்க்காமலே ஊசி போடும் குளம்பு வைத்தியர்கள்: மாடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

குளம்பு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கொட்டகை கொட்டகையாக வரும் ஆட்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அப்படி ஒருவர் எங்கள் கறவை மாட்டைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆளின் பெயர் வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

மாடு பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. வழக்கமாக வரும் கால்நடை மருத்துவர் ஊரில் இல்லை. இவர் வந்தார், வாசலில் நின்றபடியே பார்த்தார். "குளம்பழுகல்தான், ஒரே ஊசி, எழுந்து ஓடும்" என்றார். காலைத் தூக்கவில்லை, கழுவவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "பெயர் சொன்னால் உங்களுக்குப் புரியாதுங்க" என்று சிரித்தார். குப்பியில் லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. பால் கறக்கலாமா என்றால், "தாராளமாகக் கறந்து ஊற்றுங்கள்." ரசீது கேட்டபோது மட்டும் காது கேட்கவில்லை.

நொண்டல் கூடியதே தவிர குறையவில்லை. மறுபடி கூப்பிட்டால் இந்தமுறை கத்தியோடு வந்தார். முந்தின கொட்டகையின் சேறு அதில் அப்படியே காய்ந்திருந்தது. மாட்டைக் கட்டிப் போட்டு, ரத்தம் கொட்டும்வரை அடிக்குளம்பைச் செதுக்கினார். "கெட்ட ரத்தம் போகட்டும்" என்பது அவர் விளக்கம். பிறகு புண்ணுக்குள் நீலப் பொடியைத் திணித்து, துணியை இறுக்கிக் கட்டி, "நான் சொல்லும்வரை அவிழ்க்காதீர்கள்" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

மாடு எழுந்திருக்க மறுத்தது, பால் சரிந்தது, கட்டுப் போட்ட இடத்திலிருந்து நாற்றம் வீசியது. மருத்துவர் வந்து அவிழ்த்தபோது துணி குளம்புக்கு மேல் தோலில் வெட்டி இறங்கியிருந்தது. பொடி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), புண்ணில் நல்ல சதையையும் சேர்த்துப் பொசுக்கிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அது குளம்பழுகலே இல்லை. பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில், அடியில் குதிகாலை ஒட்டி வரும் அழுத்தப் புண். சிமென்ட் தரையில் அதிக நேரம் நிற்பது, குளம்பு வளர்ந்து எடை ஒரே இடத்தில் விழுவது, கன்று ஈன்ற சமயத்தில் உள்ளே எலும்பைத் தாங்கும் திசுக்கள் தளர்வது என்று காரணங்கள் பல. கிருமியில் தொடங்கும் நோய் அல்ல என்பதால் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு இதைத் தீர்க்க முடியாது.

மருத்துவர் செய்தது எளிமையாகத்தான் இருந்தது. காலைத் தூக்கிக் கட்டிக் கழுவினார். புண்ணைச் சுற்றிக் கழன்று நின்ற கெட்டியான குளம்புப் பகுதியை மட்டும், உயிருள்ள சதையைத் தொடாமல் சீவினார். அதே காலில் ஆரோக்கியமாக இருந்த உட்பக்கக் குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையைப் பசை வைத்து ஒட்டினார், புண்பட்ட குளம்பு தரையில் படாமல் தொங்கியது. வலி நிவாரணி ஊசி, காய்ந்த மெத்தென்ற படுக்கை, அவ்வளவுதான். மாடு அன்றைக்கே சற்று நேராக நின்றது. ஆனால் துணி வெட்டிய தோலும் பொடி பொசுக்கிய இடமும் ஆறத்தான் ரொம்ப நாள் பிடித்தது. நியாயமாக அந்தச் செலவு எங்கள் தலையில் விழுந்திருக்கக் கூடாது.

உண்மையான குளம்பழுகல் வேறு மாதிரி இருக்கும். குளம்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே அளவில் வீங்கும், இரண்டு குளம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தோல் வெடித்துக் குடலைப் புரட்டும் நாற்றம் வரும், காய்ச்சலும் இருக்கும். அதற்குச் சீக்கிரமே ஆன்டிபயாடிக் ஊசி வேண்டும். குதிகால் பக்கத் தோலில் செக்கச்செவேலென்று, தொட்டாலே மாடு துள்ளும் புண் வந்தால் அது இன்னொரு தொற்றுநோய். அதற்குப் புண்ணின் மேல் நேரடியாகப் போடும் மருந்து உண்டு. கழுவாத கத்தி மூலம் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்கு இது பரவக்கூடியது. பல மாடுகள் ஒன்றாக நொண்டி, எச்சில் ஒழுகி, வாயில் கொப்புளமும் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். யாரையும் உள்ளே விடாமல் உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். இத்தனையையும் வாசலில் நின்றே ஒருவர் கண்டுபிடிப்பாராம்!

பால் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆன்டிபயாடிக் போட்டால் எத்தனை நாள் பாலைத் தள்ள வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பெயரே தெரியாத ஊசிக்கு எந்தக் கணக்கை வைப்பது? மருத்துவர் சொன்னபடி கறந்த பாலையெல்லாம் கொட்டினோம்.

அதே ஆள் இப்போது அந்த நீலப் பொடியைப் பொட்டலம் போட்டு, "எல்லாக் குளம்பு நோய்க்கும்" என்று விற்கிறார் எனக் கேள்வி. மயில்துத்தத்தை நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு என்ற அளவில் தண்ணீரில் கரைத்து, மாடுகள் மிதித்துப் போகும் தொட்டியில் ஊற்றுவது நோய் வராமல் தடுக்கப் பயன்படும் முறைதான். திறந்த புண்ணில் பொடியாக அடைக்கச் சொன்னால், பொட்டலத்தை வாங்காதீர்கள்.