ஃபுளோரைடு பேஸ்ட், ஃபில்டர், சோதனைக் கிட்: எதை வாங்கலாம், எதைத் திருப்பி வைக்கலாம்

"ஃபுளோரைடு நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வியோடு கடைக்குப் போனால் தப்பான பெட்டியைத்தான் எடுத்து வருவோம். பார்க்க வேண்டியது அளவை. குடிநீரில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பார்கள், பேஸ்டில் இத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) என்பார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே எண்தான். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு 1.5. பெரியவர்களுக்கான பேஸ்டில் இருப்பது 1000 முதல் 1500 வரை. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்றதும் பலர் பதறிவிடுகிறார்கள். தண்ணீர் லிட்டர் கணக்கில் வயிற்றுக்குள் போகிறது. பேஸ்ட் கால் கிராம், அதையும் துப்பிவிடுகிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

பல் சொத்தையைத் தடுக்கத் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1945-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தொடங்கியது. ஃபுளோரைடு பேஸ்ட் வீடுகளுக்கு வராத காலம் அது. 2015-ல் அமெரிக்கா தன் பரிந்துரையை லிட்டருக்கு 0.7 மி.கி. என்று குறைத்தது. 2024-ல் அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம், 1.5 மி.கி.க்கு மேல் போனால் குழந்தைகளின் ஐக்யூ குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்று நடுத்தர நம்பகத்தன்மையோடு சொன்னது, 0.7 அளவைப் பற்றி முடிவு சொல்லத் தரவு போதவில்லை என்றும் சொன்னது. பேஸ்ட் பரவிய பிறகு தண்ணீரில் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் முன்பைவிடக் குறைவு என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு அதே ஆண்டு எழுதியது. எனவே தண்ணீர் பற்றிய விவாதம் நியாயமானது, நடக்கட்டும். அந்தச் சந்தேகத்தை அப்படியே பேஸ்ட் மேல் ஏற்றுவதுதான் தவறு. ஃபுளோரைடின் வேலை பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் நடக்கிறது: வாயின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு சேர்ந்த எனாமல் சுமார் 4.5 வரை தாங்கும். ஃபுளோரைடை விழுங்கத் தேவையே இல்லை.

இனி பேஸ்ட். டியூபின் பின்பக்கம் "சோடியம் ஃபுளோரைடு 0.24%" என்றிருந்தால் அது 2400 பிபிஎம் ஆகாது. சொல்லப்படுவது சோடியம் ஃபுளோரைடு என்ற உப்பின் முழு எடை. அதில் ஃபுளோரைடு 45 சதவீதம்தான், ஆக சுமார் 1100 பிபிஎம். "சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் 0.76%" என்பது எண்ணில் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் 1000 பிபிஎம்தான். சதவீதத்தை வைத்து இரண்டு டியூப்களை ஒப்பிடாதீர்கள். பிபிஎம் தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். குழந்தைகள், வளரிளம் வயதினரிடம் செய்த ஆய்வுகளில் 1000-க்குக் கீழே சொத்தை தடுக்கும் பலன் உறுதியாகத் தெரியவில்லை. அதனால் "குழந்தைகளுக்கு" என்று படம் போட்டு 500 பிபிஎம் விற்கும் டியூபை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குறைக்க வேண்டியது பிரஷில் வைக்கும் அளவை. பேஸ்டின் வீரியத்தைக் குறைத்தால் பலனும் போய்விடும்.

அடுத்து, எந்த உப்பு எந்தத் தேய்பொருளோடு சேர்ந்திருக்கிறது என்பது. யாரும் படிக்காத வரி இது, படித்தே ஆக வேண்டிய வரியும் இதுதான். சிலிக்கா பேஸ்டில் சோடியம் ஃபுளோரைடு நன்றாக வேலை செய்யும். கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணப்பொடி, உள்ள பேஸ்டில் அதையே போட்டால் டியூபுக்குள்ளேயே கால்சியத்தோடு பிணைந்துவிடும். அச்சில் 1000 இருக்கும், பல்லுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். அதனால்தான் சுண்ணப்பொடி பேஸ்டுகளில் மோனோஃபுளோரோபாஸ்பேட் போடுகிறார்கள். அதுவும் சேமிப்பில் மெல்ல உடைந்து கால்சியத்திடம் மாட்டிக்கொள்ளும், வெப்பம் இதை வேகப்படுத்தும். இந்த வகையை வாங்கினால் புதிதாகத் தயாரானதா என்று தேதியைப் பாருங்கள், தள்ளுபடி விலையில் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். ஸ்டானஸ் ஃபுளோரைடு 0.454% உள்ளவை ஈறு வீக்கத்துக்கும் நல்லவை. உலோகச் சுவை இருக்கும், சிலருக்குப் பழுப்புக் கறை படியும். கறை மேலோட்டமானது, பல் மருத்துவர் சுத்தம் செய்யும்போது போய்விடும். 5000 பிபிஎம் டியூப் வாய் வறட்சி, பல்வேர்ச் சொத்தை உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது. அதை வீட்டில் பொதுவாக வைக்கக் கூடாது.

மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, சுமார் 0.1 கிராம். 1000 பிபிஎம் பேஸ்டில் அது 0.1 மி.கி. ஃபுளோரைடு, முழுக்க விழுங்கினாலும் அவ்வளவுதான். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, கால் கிராம். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்கு அலையலையாகப் பிழிந்தால் ஒரு கிராமைத் தொட்டுவிடும். அதைச் சிறு குழந்தை தினமும் இரண்டு வேளை விழுங்கினால், பின்னால் முளைக்கும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டு வர வாய்ப்பு கூடும். உடனடி ஆபத்து வேறு கணக்கு: உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. உள்ளே போனால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு அது 50 மி.கி., அதாவது 1000 பிபிஎம் உள்ள 100 கிராம் டியூபில் பாதி. டியூபைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவர்கள் இரண்டு நிமிடம் தேய்த்து நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் அதோடு போய்விடும்.

ஃபுளோரைடு இல்லாத பேஸ்டுகளில் ஹைட்ராக்சிஅபடைட் (எனாமலில் இருக்கும் கனிம வகை) உள்ளவை மட்டுமே கவனிக்கத்தக்கவை. சில ஆய்வுகளில் ஃபுளோரைடுக்கு ஈடாக நின்றிருக்கின்றன, ஆனால் சான்றின் அளவு இன்னும் சிறியது. கரிப் பேஸ்ட் வேண்டாம்; பல்லைத் தேய்ந்துபோக வைக்கும், சொத்தையைத் தடுக்காது.

ஃபில்டர் விற்கும் இடத்தில்தான் ஏமாற்றம் அதிகம். வெறும் கரி ஃபில்டர், யூவி விளக்கு, தண்ணீரை மென்மையாக்கும் கருவி, இவை எதுவும் ஃபுளோரைடை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுத்துவிடும்; ஆனால் கணிசமான தண்ணீர் கழிவாகப் போகும், சவ்வு பழசானால் திறன் இறங்கும். எலும்புக் கரியும் ஆக்டிவேட்டட் அலுமினாவும் ஃபுளோரைடைப் பிடிக்கும். அலுமினா சிறப்பாக வேலை செய்வது பிஎச் 5.5 முதல் 6 வரை. நிலத்தடி நீர் பெரும்பாலும் அதைவிடக் காரமாக இருப்பதால், பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு வரும் முன்பே கார்ட்ரிட்ஜ் நிறைந்துவிடும். நிறைந்ததை நாக்கு கண்டுபிடிக்காது, கண்ணும் கண்டுபிடிக்காது. தண்ணீர் வேகமாக ஓடினாலும் பிடிப்பு குறையும். குழாயை மெல்லத் திறந்து நிரப்புங்கள். உங்கள் தண்ணீர் 1.5-க்குக் கீழே என்று அறிக்கை இருந்தால், ஃபுளோரைடுக்காக மட்டும் இதை வாங்கத் தேவையில்லை.

சோதனைக் கிட்களில் நிறம் மாறும் வகை மலிவு, முதல் பார்வைக்குப் போதும். சாயமும் சிர்கோனியமும் சேர்ந்த சிவப்புக் கரைசலில் தண்ணீரை விட்டால், ஃபுளோரைடு சிர்கோனியத்தை இழுத்துக்கொள்ள, சிவப்பு வெளிறும். குளோரினும் அதே சாயத்தை வெளுக்கும். குளோரின் கலந்த தண்ணீரில் கிட் அதிகமாகக் காட்டும். அலுமினியம் இருந்தால் நேர்மாறு: ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எண் குறைவாக வரும். அலுமினா ஃபில்டரிலிருந்து சிறிது அலுமினியம் கரைந்து வரக்கூடும் என்பதால், அந்த ஃபில்டர் தண்ணீருக்கு நிறக் கிட்டை நம்ப வேண்டாம். மாதிரியைக் கண்ணாடியில் எடுக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, ஃபுளோரைடு எலக்ட்ரோடு உள்ள ஆய்வகத்தில் கொடுங்கள். தாங்கல் கரைசல் சேர்த்துத்தான் அளக்கிறார்களா என்று கேளுங்கள். அலுமினியத்தின் பிடியிலிருந்து ஃபுளோரைடை விடுவிப்பது அதுதான். ஃபில்டருக்கு முன்பு ஒரு பாட்டில், பின்பு ஒரு பாட்டில் என இரண்டு கொடுத்தால், கார்ட்ரிட்ஜ் மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதும் அந்த அறிக்கையிலேயே தெரிந்துவிடும்.