சூரியப் புயலை யாழ்ப்பாணத்து மணிக்கூட்டில் பார்ப்பது: ஐந்து வருட அனுபவம்

யுத்தக் காலத்தில் கரண்ட் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோவைப் பூட்டி அப்பா செய்தி கேட்பார். பெடல் சுற்றுவது நான். அந்தச் சிற்றலைப் பைத்தியம் இன்னும் போகவில்லை. 2020 கடைசியிலிருந்து அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா நடத்தும் விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையத்தின் இணையப் பக்கத்தைக் காலைத் தேத்தண்ணியோடு பார்த்து வருகிறேன்.

அங்கே மூன்று அளவுகோல்: ரேடியோ அடங்குவதற்கு ஆர், சூரியத் துகள் புயலுக்கு எஸ், பூமியின் காந்தப் புயலுக்கு ஜி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. எங்களைப் போலச் சிற்றலை கேட்பவர்களுக்கு முக்கியம் ஆர். சூரிய வெடிப்புகளை சி, எம், எக்ஸ் என்று பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்து மடங்கு பலம். எம்1 வந்தால் ஆர்1, எக்ஸ்1 வந்தால் ஆர்3. ஆனால் வெடிப்பின் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் இங்கே வந்துவிடும். பக்கத்தில் உள்ள எக்ஸ் கதிர் வரைபடத்தில் கோடு மேலே ஏறுவதும் ரேடியோ அடங்குவதும் ஒன்றாகவே நடக்கும். முன்கூட்டிக் கிடைப்பது மூன்று நாளுக்கான சதவீத வாய்ப்பு மட்டும். அதை மழை அறிவிப்பு மாதிரித்தான் எடுக்க வேண்டும்.

அந்த இணையப் பக்கத்தில் உள்ளது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டாமல் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 2024 மே 14இல் வெடித்த எக்ஸ்8.7 எங்களுக்கு இரவு பத்து இருபது. சூரியன் பூமிக்கு மற்றப் பக்கம். என் ரேடியோவில் ஒரு மாற்றமும் இல்லை. அக்டோபர் 3இன் எக்ஸ்9.0 பின்னேரம் 5.48க்கு. பண்ணைக் கடல் பக்கம் சூரியன் இறங்குகிற நேரம், மேற்கே இன்னும் நல்ல பகல். 25 மீட்டர் அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்த அரபு நிலையம் மெல்லத் தாழ்ந்து போனது. இரைச்சலும் சேர்ந்து அடங்கியதால் அன்ரனா வயர் கழன்றுவிட்டதென்று முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். வயர் கட்டினபடியே இருந்தது.

ஜி அளவுகோலில்தான் எனக்கு மனக்குறை. அது கேபி எண்ணை வைத்துக் கணிப்பது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குலைந்திருக்கிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் எண் அது. கேபி கணக்குக்கு எடுக்கும் 13 காந்த நிலையங்களும் எங்கள் ஊர்களிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் வெகு தூரத்தில் உள்ளவை. நாங்கள் இருப்பதோ காந்த மத்திய கோட்டுக்குப் பக்கத்தில். 2024 மே 10 இரவு, 2003க்குப் பிறகு முதல் தடவையாக ஜி5. ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி வானம் சிவந்த படம் அனுப்பி, “அண்ணா, அங்கயும் தெரியுதோ?” என்று கேட்டாள். இங்கே வெறும் நட்சத்திரம்தான்.

மாறாக, பங்குனியிலும் புரட்டாதியிலும் கேபி 1 என்று காட்டும் அமைதியான நாட்களில்கூட, பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்தில் குரல்கள் நடுங்கத் தொடங்கும். இருட்டியதும், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மேல்வானத்து அயனிமண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலே கிளம்பி அலையைச் சிதறடிக்கின்றன. நிலஅளவை செய்யும் நண்பரின் ஜிபிஎஸ் கருவியும் அந்த நேரத்தில் தடுமாறும். கேபி இதைச் சொல்லவே சொல்லாது. சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் தொல்லை இன்னும் கூட.

போனில் ஒரு செயலியும் வைத்திருக்கிறேன். கேபி 5க்கு மணி அடிக்க விட்டு நித்திரை கெட்டதுதான் மிச்சம். இப்போது எம்5க்கு மேல், பகலில் மட்டும். மணி அடித்தால் ரேடியோவை நிறுத்துவதில்லை. 13 மீட்டருக்கு ஏறுவேன்; மீட்டர் எண் குறையக் குறைய அதிர்வெண் கூடும். பெரும்பாலும் மேலே உள்ள அலைவரிசைதான் முதலில் உயிர் பெறும், 49 மீட்டர் கடைசியில்.