ஜெட்டின் வாலுக்கு எந்த சர்வோ? ஸ்பெக்கில் வராத அந்த ஆட்டம்

ரேடியோவில் பறக்கவிடும் மாதிரி விமானங்களில் தன் முதல் டர்பைன் ஜெட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், "உங்க ஜெட்ல இருக்கிற அதே சர்வோவையே வாங்கிடலாமா?" என்று கேட்டார். சர்வோ என்பது வால் போன்ற அசையும் பாகங்களைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டி. என் ஜெட்டின் வால் சர்வோக்களுக்கு கியர் மாற்றிய கையோடு வந்த கேள்வி அது. பதில் நீண்டுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்லெஸ் மோட்டார், ஸ்டீல் கியர், 8.4 வோல்ட் நேரடியாகக் கொடுக்கலாம். வேகத்திலும் இழுவையிலும் ஒரு குறையும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதன் சென்டர், அதாவது திரும்பி வந்து நிற்கும் நடுநிலை. உள்ளே நிலையை அளக்க, உரசி அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதில் காந்த சென்சார். உரசித் தேய அங்கே எதுவும் இல்லை. ஒருமுறை வைத்த டிரிம் (நடுநிலைத் திருத்தம்) இன்றுவரை அப்படியே நிற்கிறது. டர்பைன் சூட்டிலும் அதிர்விலும் இப்படி நிற்பதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் கியர் ஆட்டம், அதாவது பற்களுக்கு நடுவே விழும் தளர்வு! ஜெட் பெரும்பாலும் நேராகத்தான் பறக்கிறது. வேகம் கூடக் கூட ஸ்டிக்கை அசைப்பதும் குறையும். ஆக, சர்வோ நாள் முழுக்க வேலை செய்வது நடுவில் சில டிகிரிக்குள் மட்டும்தான். அந்த இரண்டு மூன்று பற்கள் மட்டுமே தேய்கின்றன. விமானத்தை நிலையாக வைக்கும் ஜைரோ இருந்தால் இன்னும் மோசம். அது ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும். கடைசி வரை திருப்பி அசைத்துப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும் அதே சர்வோ, சென்டரில் தளர்ந்திருக்கும். சென்சாருக்கு அந்தப் பிசகு தெரிகிறது. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்தபின் மோட்டாரால் என்ன செய்ய முடியும்?

இதை அற்ப விஷயமாக நினைக்காதீர்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 150 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு 300-இல். அதிலும் வால் இறக்கை முழுவதுமே திரும்பும் ஜெட் என்றால், சிறு ஆட்டம்கூட ஃபிளட்டரை, அதாவது காற்றில் தானாகப் பெருகும் படபடப்பை, கிளப்பிவிடலாம். கிளம்பிவிட்டால் கீழே நிற்பவர் ஸ்டிக்கை இழுப்பதற்குள் வால் பிய்ந்துவிடும்.

சோதிப்பது சுலபம். பவரைப் போட்டுவிட்டு, வாலின் பின்விளிம்பை இரண்டு விரலால் மெல்ல அசையுங்கள். ஆடினால், சர்வோவை வாலோடு இணைக்கும் லிங்கைக் கழற்றி, சர்வோவின் கையான ஆர்மை மட்டும் அசைத்துப் பாருங்கள். அங்கே ஆடவில்லை என்றால் குற்றம் பால் லிங்கிலோ பேரிங்கிலோதான். அங்கேயும் ஆடினால் கியர்.

ஆர்ம் நீளத்தையும் கவனியுங்கள். நீளமான ஆர்மைப் போட்டுவிட்டு ரேடியோவில் அசைவைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். சர்ஃபேஸ் (திரும்பும் வால் பாகம்) பக்கத்தை மாற்றாமல் ஆர்மைப் பாதியாக்கினால் சர்ஃபேஸுக்குக் கிடைக்கும் விசை இரட்டிப்பாகும், அங்கே தெரியும் ஆட்டம் பாதியாகும். செலவே இல்லாத வைத்தியம். வாலுக்குப் போகும் நீண்ட ஒயரையும் தடிமனாகப் போடுங்கள். மெல்லிய ஒயர் லோடு ஏறும்போது வோல்டேஜைத் தின்றுவிடும்.

ஸ்டீல் கியரே தேய்கிறது என்றால் அலுமினியம் இன்னும் சீக்கிரம் தேயும். அந்த அளவில் இந்த சர்வோவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், டார்க்கை, அதாவது இழுவையை, பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் சென்டர் ஆட்டம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதக் கூடாதா? மாற்று கியர் செட்டுக்கு இத்தனை நாள் காக்க வைக்கலாமா? ஜெட் சும்மா கிடந்ததுதான் மிச்சம்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: ஃபிளாப்புக்கும் முன்சக்கரத்துக்கும் தாராளமாக வாங்குங்கள். வாலுக்கு வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறீர்களே என்றார். ஆமாம், வேண்டாம். வாலுக்கு வேறு எதை வாங்கினாலும், கியர் செட் கையிருப்பில் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, சர்வோவோடு சேர்த்தே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.