முதல் மூன்று மீட்டர்: குளமா, பெர்ஹெந்தியானா, தியோமானா, பாயாரா?

ஸ்கூபா முக்குளிப்பை முதன்முறை முயல நினைக்கும் கோலாலம்பூர்க்காரரும் பினாங்குக்காரரும் முதலில் கேட்பது, "எந்தத் தீவில் மீன் அதிகம்?" என்பதுதான். முதல் இறக்கத்துக்கு அந்தக் கேள்வி உதவாது. முதல்முறை இறங்குபவர்களில் பலர், மீன் இருக்கும் ஆழத்தை எட்டுவதற்கு முன்பே, காது வலியாலோ மூக்கில் ஏறிய தண்ணீராலோ மேலே திரும்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் முதல் மூன்று மீட்டருக்குள் நடக்கிறது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலால் பார்ப்போம்: அந்த மூன்று மீட்டரை நிதானமாகக் கடக்க எது அதிகம் இடம் கொடுக்கிறது?

அங்கே என்ன நடக்கிறது

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகும். அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். இருபதிலிருந்து முப்பது மீட்டருக்குப் போகும்போதோ அது கால் பங்குதான் சுருங்கும். ஆக, மாற்றம் மிக வேகமாக நடப்பது மேற்பரப்பை ஒட்டித்தான். ஒரு மீட்டரிலேயே காது இறுகும். இரண்டு, மூன்று மீட்டரில் அழுத்தத்தைச் சமன் செய்யாவிட்டால் வலிக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் இறங்கினால் செவிப்பறை கிழியலாம்.

மூக்கைப் பிடித்து, மூக்கு வழியாக ஊதுவதுபோல் மெல்ல அழுத்துங்கள். அரை மீட்டருக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வலித்துவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். ஊதும் பலத்தைக் கூட்டாதீர்கள். அது உள்காதைக் காயப்படுத்தும். எச்சில் விழுங்குவதும் தாடையை முன்னே தள்ளி அசைப்பதும் சிலருக்கு உடனே பலன் தரும். தலை மேலே, கால் கீழே இருக்கும்படி மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்கினால் காது எளிதாகத் திறக்கும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரையின் வேகம் கடலுக்கடியில் தணிந்துவிட்டால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கும்.

அடுத்த தொல்லை மாஸ்க், அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி. நம் ஆண்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. மீசையை எடுக்க மனம் வராதவர்கள் மூக்குக்குக் கீழே சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழித்துவிட்டால் போதும். விளிம்பு அங்கே உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் முன்நெற்றி முடியை முழுவதும் பின்னே தள்ளி, பின்னலைக் கழுத்துக்குக் கீழே கட்டுவது நல்லது. தட்டையான மூக்குத்தி தொல்லை தராது. வளையம் என்றால் மூக்கைப் பிடிக்கும்போது குத்தும். மெட்டியைக் கழற்றிவிடுங்கள், காலில் மாட்டும் துடுப்பான ஃபினை அணியும்போது சிக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும். மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்றே அண்ணாந்து, மூக்கால் மூச்சை விட்டால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறும்.

பதற்றம் வருவது, மூக்கில் தண்ணீர் பட்டதும் மூக்காலேயே மூச்சை இழுத்துவிடும் பழக்கத்தால்தான். இதை வீட்டிலேயே மாற்றலாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல் முகத்தை வைத்து, ஸ்நோர்க்கல் குழாய் வழியாக வாயால் மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். சில நாள்கள் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் கடலில் வேறுபாடு நன்றாகவே தெரியும்.

குளத்தில் ஒரு மாலை

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் முக்குளிப்புப் பள்ளிகள் நீச்சல் குளத்தில் அறிமுக வகுப்பு நடத்துகின்றன. அலை இல்லை, படகு ஆட்டமில்லை, இடுப்பளவு நீரில் எழுந்து நிற்கலாம். நம் அளவுகோலில் முதலிடம் இதற்குத்தான். காது திறக்கிறதா, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்க முடிகிறதா, மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் மனம் என்ன செய்கிறது என்ற மூன்றுக்கும் இரண்டு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். தீவுவரை போய்த் தெரிந்துகொள்வதைவிட இது செலவும் குறைவு.

குறைகளும் உண்டு. நன்னீரில் உடல் குறைவாக மிதக்கும் என்பதால், குளத்தில் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையைவிடக் கடலில் ஓரிரு கிலோவாவது கூடுதலாகத் தேவைப்படும். குளத்துக் கணக்கை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனால் கீழே இறங்க முடியாமல் தத்தளிக்க நேரிடும். இன்னொன்று, குளம்தானே என்று மூச்சை அடக்காதீர்கள். அழுத்தக் காற்றை நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி ஒன்றரை மீட்டரிலிருந்து எழுந்தால்கூட நுரையீரலில் காயம் ஏற்படலாம். ஸ்கூபாவின் முதல் விதி குளத்திலும் அதேதான்: மூச்சு ஒருபோதும் நிற்கக் கூடாது.

தீவில் ஒருநாள் அனுபவமா, ஓப்பன் வாட்டர் பயிற்சியா?

தீவுகளில் 'டிஸ்கவர் ஸ்கூபா' என்று விற்கப்படுவது ஒருநாள் அனுபவம். சுருக்கமான விளக்கம், கரையோர ஆழமற்ற நீரில் சில பயிற்சிகள், பிறகு பயிற்றுநரோடு கடலில் ஓர் இறக்கம். முக்குளிப்புப் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் பிஏடிஐ (PADI) அமைப்பின் விதிப்படி வயது பத்துக்குக் குறையக் கூடாது, ஆழம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீச்சல் தேர்வு கிடையாது. மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று அங்கியான பிசிடியில் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பயிற்றுநர் கைதான்.

இதன் பலவீனம், கரையோரப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரம் கடைக்குக் கடை மாறுவது. படகு புறப்படும் நேரத்துக்காக அதைப் பத்து நிமிடத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போனால் அந்த மூன்று மீட்டரை நீங்கள் முதன்முதலில் கடப்பது நங்கூரமிட்ட படகின் பக்கத்தில், நிற்கத் தரையில்லாத நீரில். ஆகவே ஒருநாள் அனுபவம் வேண்டுமென்றால், கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கும் இடத்தைத் தேடுங்கள்.

ஓப்பன் வாட்டர் பயிற்சிக்கு வழக்கமாக மூன்று, நான்கு நாள்கள் ஆகும். கட்டணமும் பல மடங்கு. பாடம், குளத்தில் அல்லது குளம்போல் அமைதியான ஆழமற்ற நீரில் ஐந்து பகுதிகள், கடலில் நான்கு இறக்கங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் கணக்கில்லை. முடித்தால் 18 மீட்டர்வரை இன்னொரு முக்குளிப்பாளரோடு துணையாக இறங்கும் சான்றிதழ் கிடைக்கும். அதற்குக் காலாவதி கிடையாது. இன்னொரு பயிற்சி அமைப்பான எஸ்எஸ்ஐ (SSI) தரும் பயிற்சியும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். இரண்டில் எது என்று குழம்ப வேண்டாம், பயிற்றுநர்தான் முக்கியம்.

பலரும் யோசிக்காத மூன்றாவது வழி ஒன்று உண்டு. பாடத்தையும் ஐந்து குளப் பகுதிகளையும் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வார இறுதிகளில் முடித்துவிட்டு, நான்கு கடல் இறக்கங்களுக்கு மட்டும் தீவுக்குப் போவது. நீந்தத் தெரிந்தவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். மூன்று மீட்டர் விவகாரம் ஊரிலேயே தீர்ந்துவிடும். தீவில் இரண்டு நாளும் கடலுக்கே கிடைக்கும். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று நீண்ட வார இறுதியில் அடங்கிவிடும்.

காற்றுக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள், அனுபவத்தின் நீளத்தை அதுதான் முடிவு செய்கிறது. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர், நிரப்புவது 200 பார் அழுத்தத்தில் (மேற்பரப்பில் காற்றழுத்தம் சுமார் 1 பார்). 50 பாரை இருப்பாக விட்டால் கையில் இருப்பது 150 பார், அதாவது 1,650 லிட்டர் காற்று. பதற்றத்தோடு நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கும் ஒருவர் பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் 50 லிட்டர் செலவழிப்பார். 33 நிமிடத்தில் தீரும். அமைதியாக 15 லிட்டர் இழுப்பவருக்கு அதே சிலிண்டர் 55 நிமிடம். குளத்தில் பழகியவர் கடலில் கூடுதல் நேரம் இருப்பது இதனால்தான்.

எந்தத் தீவு

பினாங்கு வாசகர்களுக்கு முதலில் ஒன்று: பத்து பெரிங்கி கடல் கலங்கல், அங்கே கற்க முடியாது. பக்கத்தில் இருப்பது கெடாவின் பாயார் தீவுக் கடல் பூங்கா. படகுகள் பெரும்பாலும் லங்காவியிலிருந்து போகின்றன. ஆழம் குறைவு, கரையருகே கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் நீந்துவதைப் பார்க்கலாம். ஆனால் மலாக்கா நீரிணையின் நீர் பச்சை. பார்வைத் தூரம் பல நாள்களில் பத்து மீட்டருக்கும் குறைவு, மோசமான நாளில் மூன்று, நான்கு மீட்டர்தான். கீழே தரை தெரியாத நீரில் புதியவருக்குத் தான் இறங்குகிறோமா ஏறுகிறோமா என்பதே புரியாது. பாயாரின் பலம், பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் பருவமழையால் மூடிக் கிடக்கும் மாதங்களிலும் போக முடிவது. அதற்காக மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பெர்ஹெந்தியான் முதல்முறைக்கு மிகப் பொருத்தமான இடம். கோல பெசுட் படகுத்துறையிலிருந்து விரைவுப் படகில் அரை மணி, முக்கால் மணி நேரம். பெர்ஹெந்தியான் கெச்சிலில் முக்குளிப்புக் கடைகள் கடற்கரையிலேயே வரிசையாக இருப்பதால் நான்கைந்து இடங்களில் நேரில் விசாரித்து முடிவு செய்யலாம். மணல் தரை மெதுவாகச் சரிகிறது. நடந்தே இறங்கிப் பயிலலாம். பயிற்சி முடித்தவருக்கு, 2000-ஆம் ஆண்டில் மூழ்கிய சர்க்கரைக் கப்பல் ஏறத்தாழ 18 மீட்டரில் கிடக்கிறது. ஒருநாள் அனுபவக்காரர்களை அங்கே கூட்டிப்போவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

தியோமான் பகாங்கைச் சேர்ந்தது; படகு ஏறுவது ஜொகூரின் மெர்சிங்கில். கடல்வழி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நீரேற்றத்தைப் பொறுத்துப் படகு நேரம் மாறும் என்பதால் பேருந்துக்கு முன் படகு அட்டவணையைப் பாருங்கள். ஆயர் பாத்தாங், சாலாங் கிராமங்களில் பள்ளிகள் உண்டு. ரெங்கிஸ் என்ற சிறு தீவைச் சுற்றிய ஆழமற்ற பாறைத்திட்டு புதியவர்களுக்கு உகந்தது. கோலாலம்பூர்க்காரருக்கு இது பெர்ஹெந்தியானுக்குச் சமமான போட்டி. பினாங்கிலிருந்து மிகத் தொலைவு.

ரெடாங்கில் நீர் தெளிவு, ஆனால் பெரும்பாலும் விடுதித் தொகுப்பாகத்தான் போக வேண்டும், செலவு கூடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் முக்குளித்து மற்றவர்கள் கரையில் இருப்பதானால் பொருந்தும். சிப்பாடானைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். அது அனுபவசாலிகளின் கடல்.

கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஏறக்குறைய பிப்ரவரி முடியும்வரை நீடிக்கும். விடுதிகளும் கடைகளும் மூடப்படும். அதனால் தீபாவளி விடுமுறையும் தைப்பூச விடுமுறையும் இந்தத் தீவுகளுக்கு உதவாது. தொழிலாளர் தினம், விசாகம், ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 ஆகியவற்றை ஒட்டிய நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புரட்டாசி விரதத்தில் போகிறவர்கள் தீவுக் கடைகளில் கீரைப் பிரட்டலில்கூட பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கேட்டு வாங்குங்கள். எவருக்கும் பொதுவாக: முக்குளிப்புக்கு முன் சம்பல் நிறைய போட்ட நாசி லெமாக் வேண்டாம், படகிலேயே நெஞ்சைக் கரிக்கும்.

திரும்பும் வழி

ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழாகி அழுத்தநோயைத் தரலாம். அதனால் விமானத்துக்கு முன் ஒரே ஓர் இறக்கம் என்றால் 12 மணி நேரம், பல இறக்கங்கள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். மலைப்பாதைக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வழிகாட்டல் 600 மீட்டர் உயரத்திலிருந்தே தொடங்குகிறது. பெர்ஹெந்தியானிலிருந்து பினாங்கு திரும்பும் ஜெலி–கெரிக் நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரில் சுமார் ஆயிரம் மீட்டர்வரை ஏறுகிறது. கோலாலம்பூருக்குக் காராக் வழியாக வருபவர்களும் அதே மலைத்தொடரைக் கடக்கிறார்கள். வழியில் கெந்திங்குக்கு ஏறினால் சுமார் 1,800 மீட்டர். ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குக் கடைசியாக மேலே வந்தவர் திங்கள் காலை 8 மணிக்கு முன் மலை ஏறக் கூடாது. தியோமானின் ஒரு பெரிய வசதி இங்கேதான்: மெர்சிங்கிலிருந்து குளுவாங், ஆயர் ஈத்தாம் வழியாகக் கோலாலம்பூர்வரை சமவெளி.

பணம் கட்டுவதற்கு முன்

மருத்துவப் படிவத்தில் பத்துக் கேள்விகள் முதலில் வரும். ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரின் கையெழுத்து தேவைப்படலாம். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். படிவத்தை முன்கூட்டியே வரவழைத்து ஊரிலேயே மருத்துவரைப் பாருங்கள். தீவில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. பொய்யாக 'இல்லை' என்று எழுதினால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை மீட்க வரும் பயிற்றுநருக்கும்தான். கர்ப்பிணிகள் முக்குளிக்கவே கூடாது.

கடையில் இவற்றைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஒருநாள் அனுபவத்தில் கடலுக்குள் நால்வர்வரை விதி அனுமதித்தாலும் இருவருக்கு ஒருவர் என்று கிடைக்குமா என்று பாருங்கள். கரையோரப் பயிற்சி எத்தனை நிமிடம்? காது திறக்கவில்லை என்றால் மறுநாள் திரும்ப முயல விடுவார்களா, பணம் போய்விடுமா? கட்டணத்தில் கருவிகள், படகு, இணையப் பாடக் கட்டணம், கடல் பூங்காக் கட்டணம் எல்லாம் அடங்குமா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அழுத்தநோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை லூமுட் ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. இந்தத் தீவுகளிலிருந்து அங்கே போய்ச் சேர வெகுநேரமாகும், அதுவரை ஆக்சிஜன்தான் முதலுதவி. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்கிப் பதில் சொல்லும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.